எடை குறைத்த பிறகு முதல் மாரத்தான்: மேட்டூர் திறப்பிலிருந்து மார்கழி வரை 29 வாரம்

மாரத்தான் 42.195 கிலோமீட்டர். தஞ்சாவூரில் பஸ் ஏறிக் கும்பகோணத்தில் இறங்குகிறோமே, அதைவிடச் சற்றே அதிகம். பதினைந்து இருபது கிலோ குறைத்து முடித்தவர்கள் பலருக்கு அடுத்த ஆசை இதுதான். நியாயமான ஆசை. ஆனால் எடையைக் குறைத்துக் கொடுத்த மூன்று பழக்கங்கள் இங்கே காலை வாரிவிடும்: குறைவாகச் சாப்பிடுவது, தினமும் நேற்றைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் செய்வது, உடம்பு முனகினால் காதில் போட்டுக்கொள்ளாமல் இருப்பது. முதல் மாரத்தான் பயிற்சியில் பாதி ஓட்டம். மீதிப் பாதி, இந்த மூன்றையும் தலைகீழாக்கக் கற்றுக்கொள்வது.

எப்போது தொடங்குவது

காவிரி டெல்டாக்காரருக்குக் கைக்கெட்டும் பெரிய ஓட்டம் சென்னை மாரத்தான். ஜனவரி முதல் வாரத்தை ஒட்டி நடப்பது வழக்கம். பின்னோக்கி எண்ணினால் 29 வாரத்துக்கு முன் வரும் நாள் ஜூன் 12, அதாவது தண்ணீர் இருக்கும் வருஷங்களில் மேட்டூர் அணை திறக்கும் நாள். இந்தக் கணக்கில் ஒரு வசதியும் ஒரு சிக்கலும் உண்டு. சூடு குறையக் குறைய உங்கள் தூரம் கூடும், அது வசதி. மிக நீண்ட ஓட்டங்கள் எல்லாம் ஐப்பசி, கார்த்திகை மழையில் வந்து விழும், அது சிக்கல். அதற்குக் கீழே வருவோம்.

ஜூன் 12 அன்று உங்களிடம் இருக்க வேண்டியவை இரண்டு. வாரம் ஐந்து நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் வேகமாக நடந்தும் மறுநாள் வலி இல்லாத கால்கள் ஒன்று. கடந்த எட்டு வாரமாக ஒன்றரைக் கிலோவுக்கு மேல் ஏறவோ இறங்கவோ செய்யாத எடை இன்னொன்று. எடை இன்னும் இறங்கிக்கொண்டே இருந்தால் இந்த வருஷம் 10 கி.மீ. பிரிவுக்குப் பெயர் கொடுங்கள். உணவைக் குறைத்து எடை இழக்கும்போது கொழுப்போடு தசையும் போகிறது, எலும்பின் அடர்த்தியும் கொஞ்சம் குறைகிறது. ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு விசை தரையிலிருந்து திரும்பி வரும். நுரையீரலும் இதயமும் ஆறு வாரத்தில் தயாராகிவிடும். எலும்புக்கும் தசைநாருக்கும் மாதக்கணக்கில் வேண்டும். மூச்சு வாங்கவில்லையே என்று தூரத்தைக் கூட்டுகிறவர்களுக்குத்தான் முழங்காலுக்குக் கீழே எலும்பில் கீறல் விழுகிறது.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

ரத்த அழுத்தம், ஈ.சி.ஜி., ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை), ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச்சத்துச் சேமிப்பு), பி12, வைட்டமின் டி, தைராய்டு. நாற்பதைத் தாண்டியவர்கள், சர்க்கரையோ அழுத்தமோ உள்ளவர்கள், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு கண்டவர்கள் டிரெட்மில் பரிசோதனையும் தேவையா என்று கேட்க வேண்டும். ஹீமோகுளோபின் சரியாக இருந்து ஃபெரிட்டின் மட்டும் தரைதட்டிக் கிடப்பது, உணவைக் குறைத்தவர்களிடமும் பெண்களிடமும் சாதாரணம். காரணம் தெரியாத களைப்பு பலருக்கு இதில்தான் இருக்கும். இரும்புச்சத்து மாத்திரையைக் காபியோடு விழுங்கினால் பாதி வீண். டிகிரி காபியை ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள்.

பழைய எடைக்கு எழுதிய மாத்திரை அளவு இப்போதைய எடைக்குப் பொருந்துகிறதா என்பது முக்கியமான கேள்வி. அழுத்த மாத்திரை கூடுதலாகிவிட்டால் ஓடி முடித்து நிற்கும்போது தலை சுற்றும். கிளிமிபிரைடு வகை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு நீண்ட ஓட்டத்தின் நடுவிலோ, அன்று இரவிலோ சர்க்கரை தாழலாம். பையில் குளுக்கோஸ் இல்லாமல் கிளம்பக் கூடாது. அட்டெனலால், மெட்டோபுரலால் போன்ற அழுத்த மாத்திரை எடுப்பவர்களின் நாடித்துடிப்பை மாத்திரையே அடக்கி வைத்திருக்கும். கைக்கடிகாரம் காட்டும் எண்ணை அவர்கள் நம்ப வேண்டாம். எடைக்குறைப்பு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு ஓடும்போது விழுங்கும் இனிப்பு ஜெல் வயிற்றைக் கலக்கிப் படபடப்பு வரவைக்கலாம். உணவுத் திட்டத்தை அவர்கள் தங்கள் மருத்துவரோடு தனியாகப் பேசி முடிக்க வேண்டும்.

ஷூவும் தோலும்

எடை குறையும்போது பாதமும் சுருங்கும். பழைய அளவைச் சொல்லி ஷூ வாங்காதீர்கள். மாலையில், பாதம் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், ஓடப் போகும் சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். பெருவிரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்க வேண்டும். ஒரு ஜோடி 500 முதல் 800 கி.மீ. தாங்கும். இந்தத் திட்டத்தின் மொத்தத் தூரமே 700 கி.மீ.யைத் தாண்டும் என்பதால் இரண்டு ஜோடி தேவை. இரண்டாவதை அக்டோபரில் வாங்கி மாற்றி மாற்றிப் போட்டால், மழைக்காலத்தில் ஒன்று காயும்போது இன்னொன்று கைகொடுக்கும்.

தொங்கும் தோல் எடை குறைத்தவர்களுக்கே உரிய தொல்லை. அடிவயிறு, தொடையிடுக்கு, அக்குள் மூன்று இடத்திலும் வியர்வை உப்பு படிந்து, தோல் தோலை அரைக்கும். பத்துக் கிலோமீட்டரில் எரிச்சலாகத் தொடங்குவது இருபதில் ரத்தம் கசிய வைக்கும். தேங்காய் எண்ணெய் அரை மணியில் வியர்வையோடு ஓடிவிடும். வாசலின் இரண்டு மணி நேரம் நிற்கும், பிறகு மறுபடி தடவ வேண்டும். முழங்காலுக்குச் சற்று மேல்வரை வரும் இறுக்கமான லைக்ரா ஷார்ட்ஸ் தொடைக்கு. வயிற்றுத் தோலைச் சேர்த்துப் பிடிக்கும் இறுக்கமான உள்பனியன் மேலே. பருத்தி பனியன் வேண்டாம், நனைந்தால் உப்புக்காகிதம்தான். ஆண்கள் மார்க்காம்பில் சிறு துண்டு காகித பிளாஸ்திரி ஒட்டிக்கொள்ளுங்கள். பெண்கள் எடை குறைந்த பிறகு ஸ்போர்ட்ஸ் பிராவை மறுபடி அளவெடுத்து வாங்க வேண்டும்; பழையது எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இப்போது ஆடும்.

முதல் 8 வாரம்: ஆடிப்பெருக்குக்குள் அரை மணி நேரம்

வாரம் மூன்று நாள் ஓட்டம், இரண்டு நாள் வலுப் பயிற்சி, ஒரு நாள் நடை, ஒரு நாள் முழு ஓய்வு. ஓட்ட நாளில் பத்து நிமிடம் நடந்து உடம்பைச் சூடேற்றிக்கொண்டு,

வாரம் 1, 2: 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 10 முறை.
வாரம் 3, 4: 2 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 8 முறை.
வாரம் 5, 6: 4 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை, 6 முறை.
வாரம் 7: 8 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை, 3 முறை.
வாரம் 8: நிற்காமல் 30 நிமிடம்.

எட்டாவது வாரம் ஆடிப்பதினெட்டை ஒட்டி வரும். வேகம் ஒரு பொருட்டே இல்லை. பக்கத்தில் ஓடுகிறவரிடம் முழு வாக்கியமாக ஊர்க்கதை பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். பலருக்கு அது கிலோமீட்டருக்கு எட்டு நிமிடமாகவோ ஒன்பதாகவோ இருக்கும், சைக்கிளில் போகும் பெரியவர் நம்மைத் தாண்டிப் போவார். போகட்டும்.

வலுப் பயிற்சிக்கு ஜிம் தேவையில்லை, வாசற்படி போதும். படியின் விளிம்பில் முன்பாதத்தை வைத்துக் குதிகாலை ஏற்றி இறக்குவது 15 முறை, மூன்று சுற்று; செப்டம்பருக்குள் ஒற்றைக் காலில் 12 வரவேண்டும். திண்ணை உயரத்தில் ஏறி இறங்குவது காலுக்கு 10, மூன்று சுற்று. மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது 15, மூன்று சுற்று. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது போன்ற ஸ்குவாட் 12, மூன்று சுற்று. முழங்கையையும் கால்விரலையும் ஊன்றி உடம்பை நேராகத் தாங்கும் பிளாங்க் 30 நொடி, மூன்று முறை. மொத்தம் 25 நிமிடம். ஓடுவது பிடித்துப்போனவர்கள் முதலில் கைவிடுவது இதைத்தான். டெல்டாவில் அதற்குக் கூலி கூடுதல். மேடு பள்ளமே இல்லாத தரையில் ஒரே தசை ஒரே கோணத்தில் பல்லாயிரம் முறை வேலை செய்கிறது. மலைப்பாங்கான ஊரில் ஏற்ற இறக்கம் தானாகக் கொடுக்கும் மாற்றம் இங்கே கிடைக்காது. சரிவு வேண்டுமென்றால் ஆற்றுப் பாலத்தின் ஏறுமுகமும் ரயில்வே மேம்பாலமும்தான். செப்டம்பரிலிருந்து வாரம் ஒரு நாள், ஆள் நடமாட்டம் குறைந்த பாலத்தில் ஆறு முறை மெல்ல ஓடி ஏறி, நடந்து இறங்குங்கள்.

9 முதல் 26 வரை: தூரம் வளரும் காலம்

வாரம் நான்கு நாள் ஓட்டம். செவ்வாய், வியாழன், சனி சிறியவை, ஞாயிறு நீண்டது. சிறிய மூன்றும் சேர்த்து முதலில் 14 கி.மீ., அக்டோபரிலிருந்து 18 கி.மீ. (6, 8, 4).

ஞாயிறு ஓட்டம் 9ஆம் வாரத்திலிருந்து: 6, 7, 8, 6, 10, 12, 10, 14. பிறகு 17ஆம் வாரத்திலிருந்து: 16, 18, 13, 20, 22, 14, 24, 27, 16, 30.

நடுநடுவே தூரம் இறங்குவதைக் கவனியுங்கள். அந்த வாரங்களில்தான் எலும்பு தன்னைச் சரிசெய்துகொள்கிறது. "போன வாரம் நன்றாக இருந்ததே" என்று 13ஐ 20 ஆக்குவது பழைய எடைக்குறைப்புப் புத்தி. தவறிய ஓட்டத்தை மறுவாரம் சேர்த்து ஓடுவதும் அதே புத்திதான். கடைசிப் பெரிய ஓட்டம் 30 கி.மீ. அல்லது 4 மணி நேரம், எது முதலில் வருகிறதோ அங்கே நிறுத்துங்கள். 42ஐப் பயிற்சியிலேயே ஓடிப் பார்க்கத் தேவையில்லை. அதிலிருந்து மீள எடுக்கும் நாட்கள் பந்தயத்தைத் தின்றுவிடும். 15 கி.மீ. தாண்டிய எந்த ஓட்டத்திலும் 9 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை என்று முதல் கிலோமீட்டரிலிருந்தே பிரித்துக்கொள்ளலாம். களைத்த பிறகு நடப்பதற்கும், களைக்கும் முன்பே நடப்பதற்கும் கடைசி பத்துக் கிலோமீட்டரில் வித்தியாசம் தெரியும்.

எங்கே ஓடுவது

இறுகிய மண் கரை காலுக்கு இதமானது. கல்லணைக் கால்வாயான புது ஆற்றின் கரை, வெண்ணாறு, அரசலாறு, குடமுருட்டிக் கரைகள் ஆகஸ்டு வரை அருமையான தடம். மழை விழுந்ததும் அதே களிமண் ஷூவுக்கு அடியில் அப்பி ஆளுக்குப் பாதிக் கிலோ சுமையாகும், வழுக்கும். அக்டோபரிலிருந்து தார்ச்சாலைக்கு மாறிவிடுங்கள். தார்ச்சாலையில் வண்டிகளை எதிர்நோக்கி வலது ஓரமாக ஓடுவதுதான் பாதுகாப்பு. ஆனால் மழைநீர் வடிய ஓரம் சரிந்திருக்கும். போகும்போதும் வரும்போதும் வலது கால் தாழ்ந்தே விழும். முழங்காலின் வெளிப்பக்கம் குத்தினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இந்தச் சரிவை. வண்டி வராத கிராமச் சாலையில் நடுமேட்டில் ஓடுங்கள், நீண்ட ஓட்டத்தில் ஒரு பகுதியைத் தஞ்சாவூர் அன்னை சத்யா விளையாட்டரங்கம் போன்ற மைதானத்தில் முடியுங்கள். 400 மீட்டர் ஓடுதளத்தில் அரை மணிக்கு ஒருமுறை சுற்றும் திசையை மாற்றவும்.

குறுவை அறுப்பு சமயத்தில் சாலையில் நெல் காயும். மிதிக்காதீர்கள். ஊர்க்காரர் கோபம் ஒருபுறம், நெல்மணி மேல் கால் வைத்தால் ஷூ சறுக்கும் என்பது மறுபுறம். வைக்கோலும் அப்படியே. அறுத்த வயலிலிருந்து எலி கிளம்பும், எலிக்குப் பின்னால் கண்ணாடிவிரியனும் கட்டுவிரியனும் வரும். விடியுமுன் ஓடினால் தலைவிளக்கு கட்டாயம், காதில் இயர்போன் கூடாது, புல் மூடிய வரப்பில் கால் வைக்க வேண்டாம். கடித்துவிட்டால் கட்டுப்போடாமல், கீறாமல், காலை அசைக்காமல் நேராக அரசு மருத்துவமனை. நாய் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்தி நடங்கள். ஓடுவதைத்தான் அது துரத்துகிறது.

மழையில் ஓடலாம், இடியில் கூடாது. தேங்கிய வெள்ளத்தில் கால் வைத்து ஓடவே கூடாது. காலில் சிறு கீறல் இருந்தாலும் எலிக்காய்ச்சல் உள்ளே நுழையும் வழி அது. வீடு வந்ததும் சாக்ஸைக் கழற்றி விரலிடுக்கைத் துணியால் ஒற்றி உலர்த்துங்கள். நடவுக்காரர்களுக்கு வரும் சேற்றுப்புண், ஈர ஷூவில் நான்கு மணி நேரம் இருக்கும் ஓட்டக்காரருக்கும் வரும். ஷூவுக்குள் செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, இரண்டு மணிக்கொரு முறை மாற்றி, நிழலில் காயவிடுங்கள். வெயிலில் வைத்தால் பசை விட்டுவிடும். காய்ச்சல் வந்தால் போன பிறகும் ஒரு வாரம் ஓட்டம் இல்லை. டெங்கு என்றால் மருத்துவர் சொல்லும்வரை இல்லை.

சோறு

இந்தப் பகுதிதான் எடை குறைத்தவர்களுக்குக் கசக்கும். ஒரு கிலோமீட்டர் ஓட, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறக்குறைய ஒரு கலோரி செலவாகும். 70 கிலோ ஆளுக்கு மாரத்தான் 3000 கலோரிக்கு அருகில். தசையிலும் கல்லீரலிலும் சேமிக்கும் மாவுச்சத்து 400 முதல் 500 கிராம், அதாவது அதிகபட்சம் 2000 கலோரி. முப்பதாவது கிலோமீட்டரில் கால் ஈயமாகிப் போவதற்குக் காரணம் மன உறுதிக் குறைவு இல்லை. பத்தாயத்தில் நெல் தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

மாவுச்சத்தை ஒதுக்கும் பேலியோ உணவில் எடை குறைத்தவர்கள் இதை நன்றாக யோசிக்க வேண்டும். கொழுப்பை எரித்து மெதுவாக ஓட முடியும், ஆனால் முதல் மாரத்தானில் அதைச் சோதித்துப் பார்ப்பது வீண் வேலை. ஆகஸ்டில், நீண்ட ஓட்டத்துக்கு முந்தைய இரவும் ஓடிய பின்னும் சோறு, இட்லி, வாழைப்பழம் என்று இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாகத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள். சர்க்கரை நோயாளிகள் மருத்துவரைக் கேட்டு. முதல் வாரம் தராசில் ஒன்றிரண்டு கிலோ ஏறும். மாவுச்சத்து ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைக்கும். ஏறியது கொழுப்பு இல்லை. இதைப் பார்த்துப் பயந்து மறுபடி பட்டினி கிடப்பவர்களே பெரும்பாலும் நவம்பரில் காலில் கட்டுப் போட்டு உட்காருகிறார்கள்.

இன்னும் குறைக்க வேண்டியிருந்தால் முதல் எட்டு வாரத்தில் நாளுக்கு 200 முதல் 300 கலோரி குறைக்கலாம். 17ஆம் வாரத்துக்குப் பிறகு ஒரு கலோரியும் குறைக்கக் கூடாது. பெண்களுக்கு மாதவிலக்கு தள்ளிப்போவது, நின்றுபோவது, யாருக்கானாலும் இரவில் தூக்கம் கெடுவது, அடிக்கடி சளி பிடிப்பது ஆகியவை உணவு போதவில்லை என்பதற்கு உடம்பு எழுதும் மனு. புரதம் நாளுக்குக் கிலோ எடைக்கு 1.4 முதல் 1.6 கிராம், 70 கிலோ ஆளுக்கு நூறு முதல் நூற்றுப்பத்து கிராம். ஒரு முட்டையில் 6, நூறு கிராம் மீனில் ஏறக்குறைய 20, வெந்த கொண்டைக்கடலை நூறு கிராமில் 9 கிராம் என்று கூட்டிப் பார்த்தால், சாம்பாரை மட்டும் நம்பி இது நடக்காது என்பது புரியும்.

வெறும் வயிற்றில் ஓடும் பழக்கம் ஒரு மணி நேரத்துக்குள் என்றால் சரி. அதற்கு மேல் ஓடும் நாளில் கிளம்பு முன் பழமும், 75 நிமிடம் தாண்டினால் வழியில் மணிக்கு 30 கிராமில் தொடங்கிப் பயிற்சிக் கடைசியில் 50, 60 கிராம் வரை மாவுச்சத்தும் வேண்டும். ஒரு ஜெல்லில் 22 முதல் 25 கிராம், சிறிய பூவன் பழத்தில் சுமார் 15. கடலை மிட்டாய் ஓடும்போது வேண்டாம். மென்று முடிப்பதற்குள் மூச்சு முட்டும், கடலைக் கொழுப்பு வயிற்றில் தங்கும். ஓடி வந்த பிறகு பழைய சோறும் உப்புப் போட்ட மோரும் பிரமாதம். தண்ணீர், உப்பு, மாவுச்சத்து மூன்றும் ஒரே சட்டியில். கூட இரண்டு முட்டை.

தண்ணீர்

டெல்டாவின் காலைக் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை வழியும், ஆவியாகாது, உடம்பு குளிராது. அதனால் ஒரே வேகத்துக்கு இங்கே நாடி கூடுதலாக அடிக்கும். வேகத்தைக் குறைப்பதே மருந்து.

உங்கள் அளவை நீங்களே கண்டுபிடிக்கலாம். ஓடுமுன் ஆடையில்லாமல் எடை பாருங்கள், ஒரு மணி ஓடி வந்து துடைத்துக்கொண்டு மறுபடி பாருங்கள். குறைந்த எடையோடு குடித்த தண்ணீரைக் கூட்டினால் வருவது உங்கள் மணிநேர வியர்வை. முழுவதையும் ஈடுகட்ட வேண்டாம். மணிக்கு 400 முதல் 800 மில்லி பெரும்பாலோருக்குப் போதும். ஓடி வந்து எடை கூடியிருந்தால் அதிகம் குடித்துவிட்டீர்கள். ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போவது மயக்கம், வலிப்பு வரை கொண்டுபோகும். மெதுவாக ஓடி எல்லா மேசையிலும் தண்ணீர் குடிப்பவர்களுக்கே அது அதிகம்.

ஒரு லிட்டர் தண்ணீர், தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, கால் தேக்கரண்டி உப்பு, அரை எலுமிச்சை. வழிக்கு இது போதும். இளநீரில் பொட்டாசியம் ஏராளம், சோடியம் குறைவு. குடிப்பதானால் ஒரு சிட்டிகை உப்புப் போட்டு, ஓடி முடித்த பின்.

வலி

பத்துக்கு மூன்று மதிப்பெண் போடும்படியான, ஓட ஓடக் குறையும், மறுநாள் காலைக்குள் மறையும் வலியோடு ஓடலாம். நொண்ட வைப்பது எதுவானாலும் அன்றே நிறுத்தம். முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பின் உள்பக்கம் நீளமாக வலித்தால் தூரத்தைப் பாதியாக்குங்கள். அதே எலும்பில் ஒரு விரல் நுனியால் தொட்டுக் காட்டும்படி ஒரே புள்ளியில் வலித்தால், இரவில் படுத்த பிறகும் வலித்தால், எலும்பு மருத்துவர். ஆரம்பக் கீறல் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது, எம்.ஆர்.ஐ.யில் தெரியும். காலையில் கட்டிலிலிருந்து வைக்கும் முதல் அடியில் குதிகால் குத்தினால் படிப் பயிற்சியை விடாதீர்கள், வீட்டுக்குள் வெறுங்காலோடு நடப்பதை விடுங்கள். ஓடுமுன் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் வகை வலி மாத்திரை போடவே கூடாது. உடம்பில் நீர் குறைந்திருக்கும் நேரத்தில் அது சிறுநீரகத்தைத் தாக்கும்.

கடைசி 3 வாரமும் சென்னையும்

27ஆம் வாரம் ஞாயிறு 19 கி.மீ., 28இல் 12, 29இல் பந்தயம். வார நாள் ஓட்டமும் பாதியாகும். உடம்பு கனப்பதுபோலவும் புதிதாக எங்கோ வலிப்பதுபோலவும் தோன்றும், அது வழக்கம்.

எண் அட்டையைப் பந்தயத்துக்கு முன்பே நேரில் போய் வாங்க வேண்டியிருக்கும். அதனால் வெள்ளி இரவு உழவன் எக்ஸ்பிரஸ் போல ஒரு ரயில் ஏறிச் சனி காலை சென்னையில் இருங்கள். சனி இரவுப் பயணம் வேண்டாம். எத்தனை மணிக்குள் முடிக்க வேண்டும் என்ற காலக்கெடுவைப் பதிவு செய்யும்போதே பாருங்கள். கிலோமீட்டருக்கு 8 நிமிடம் என்றால் 5 மணி 38 நிமிடம் ஆகும்.

கடைசி இரண்டு நாளும், நாளுக்குக் கிலோ எடைக்கு 6 முதல் 8 கிராம் மாவுச்சத்து. நூறு கிராம் சோற்றில் சுமார் 28 கிராம். கீரை, கூட்டு, கொண்டைக்கடலையைச் சனிக்கிழமை தவிர்த்து ரசம் சாதம், மோர் சாதம் என்று போங்கள். பந்தயம் விடியுமுன் தொடங்கும் என்பதால் இரண்டு மணிக்கே எழுந்து மூன்று நான்கு இட்லியைச் சர்க்கரை தொட்டுச் சாப்பிட வேண்டியிருக்கும். தேங்காய்ச் சட்னி வேண்டாம். இதையும் நவம்பரில் இரண்டு ஞாயிறு ஒத்திகை பாருங்கள், நடுநிசியில் வயிறு ஒத்துழைக்குமா என்பது அப்போதுதான் தெரியும். புது ஷூ, புது ஜெல், அங்கே இலவசமாகக் கொடுக்கும் எதுவும் அன்று கூடாது.

முதல் 5 கி.மீ. பயிற்சி வேகத்தைவிட 15, 20 நொடி மெதுவாக. கூட்டம் இழுக்கும், விட்டுவிடுங்கள். 35, 40 நிமிடத்துக்கு ஒரு ஜெல், பசி எடுக்கும் முன்பே. நெஞ்சு இறுக்கம், குழறல், வியர்வை நின்று குளிர்வது இவற்றில் எது வந்தாலும் பாதையை விட்டு விலகி மருத்துவ உதவிக்குக் கை காட்டுங்கள்.

கோட்டைத் தாண்டியதும் உட்காராமல் கால்மணி நேரம் நடங்கள். சட்டென்று நின்றால் ரத்தம் காலில் தேங்கி மயக்கம் வரும். ஒரு மணி நேரத்துக்குள் சோறு. அன்று அழுத்தி மசாஜ் வேண்டாம். ஏழு நாள் ஓட்டம் இல்லை, எட்டாவது நாள் 20 நிமிடம் மெல்ல. ஊர் திரும்பும் டிக்கெட்டை மட்டும் முன்கூட்டியே, பொங்கல் கூட்டம் தொடங்குமுன், கீழ் பெர்த் கேட்டுப் போட்டுவிடுங்கள். அன்றிரவு மேல் பெர்த்துக்கு ஏறும் ஏணி உங்களுக்கு ஆகாது.